கேள்வி கோருதலும் கேள்வி கேட்டலும்: பிரதேச சபை ஒப்பந்தங்கள் குறித்துக் குடிமக்கள் அறிய வேண்டியவை

ஒக்டோபர் பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கிராமங்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். ஒன்பது மாதங்களாக எவரும் திரும்பிப் பார்க்காத உள்வீதியொன்றில் திடீரெனச் சல்லிக்கல்லும் மணலும் கொட்டப்படுகின்றன. மழை ஓய்ந்திருக்கும் இரண்டு மணித்தியால இடைவெளியில் கொங்கிறீற் இடப்படுகின்றது. பங்குனி, சித்திரை வெயிலில் செய்திருக்க வேண்டிய வேலை மாரி வெள்ளத்தில் செய்யப்படுகின்றது. அடுத்த மாரியில் அதே வீதி பிளந்து கிடக்கின்றது. "எல்லாரும் பங்கு போட்டுத் தின்றுவிட்டார்கள்" என்று கூறிவிட்டு மக்கள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர்.

அந்தக் கூற்றில் சில வேளைகளில் உண்மை இருக்கலாம். ஆயினும் அது முழு உண்மையன்று. ஒரு வீதி ஏன் மாரியில் போடப்படுகின்றது, யார் அதனைப் போடுகின்றார், அவர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார், அதற்கான பணத்தை அங்கீகரித்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடை சபையின் கோப்புகளில் எழுத்தில் இருக்கின்றது. அவ்விடையைத் தேடிச் செல்லும் பழக்கம் நம்மிடம் இல்லாமையே குறையாகும். தமிழில் கேள்வி என்ற சொல்லுக்கு இரு பொருளுண்டு. சபை கோருவதும் கேள்வியே. குடிமகன் கேட்பதும் கேள்வியே. முதலாவது ஒழுங்காக நடைபெற வேண்டுமாயின் இரண்டாவது நடைபெற்றாக வேண்டும்.

சபைகளின் நிலை

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட பிரதேச சபைகளே இந்நாட்டின் கிராமப்புற மக்களுக்கு மிக அண்மையில் உள்ள ஆட்சி நிறுவனங்களாகும். 2018ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாட்டிலிருந்த 341 உள்ளூராட்சி மன்றங்களுள் 276 பிரதேச சபைகளாகும். உள்வீதிகள், வடிகான்கள், மதகுகள், வீதி விளக்குகள், சந்தைகள், இறைச்சிக் கடைகள், மயானங்கள், நூலகங்கள், கழிவகற்றல் என அன்றாட வாழ்வைத் தொடும் கருமங்கள் பல இவற்றின் பொறுப்பாகும்.

போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல சபைகள் நீண்ட காலம் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றியே இயங்கின. போர் முடிந்த பின்னரும் இடைவெளிகள் தொடர்ந்தன. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அவ்வாண்டு மார்ச் 9ஆம் திகதி நடைபெற வேண்டியிருந்த தேர்தல் நடத்தப்படவில்லை. அவ்வாறு நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6ஆம் திகதியே தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன, குத்தகைகள் விடப்பட்டன, கொள்வனவுகள் நடைபெற்றன. அவை குறித்துச் சபையில் எழுந்து வினாத் தொடுக்க ஒரு வட்டார உறுப்பினர்கூட இருக்கவில்லை.

பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாகாணங்களுக்கு உரியது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிவடைந்தன. அதன் பின்னர் பல ஆண்டுகளாக மேற்பார்வை, ஆளுநர்களும் அதிகாரிகளும் மாத்திரம் ஆற்றும் பணியாகிவிட்டது. ஆகவே கண்காணிப்பின் பெரும்பகுதி குடிமக்களின் தோள்மீதே விழுந்திருக்கின்றது.

பணம் இரு திசைகளில் ஓடுகின்றது

சபையின் கேள்விக் கோரல்கள் இரு வகைப்படும். ஒன்று, சபையிடமிருந்து பணம் வெளியே செல்வது. வீதி, மதகு, கட்டடம் ஆகியவற்றின் நிர்மாணமும் மின்விளக்கு, உழவு இயந்திரம், குப்பைத் தொட்டி முதலானவற்றின் கொள்வனவும் இவ்வகையின. இங்கே தகுதியுள்ளோருள் குறைந்த விலை கோரியவருக்கு ஒப்பந்தம் செல்ல வேண்டும்.

மற்றொன்று, சபைக்குப் பணம் உள்ளே வருவது. சந்தைக் கட்டணம் அறவிடும் உரிமை, மாட்டிறைச்சிக் கடை, ஆட்டிறைச்சிக் கடை, மீன் சந்தை, துவிச்சக்கர வண்டித் தரிப்பிடம், கடைத்தொகுதி என்பன ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகின்றன. இங்கே கூடிய விலை கோரியவருக்கு உரிமை செல்ல வேண்டும்.

இவ்விரண்டிலும் விதி ஒன்றேயாயினும் சூழ்ச்சிகள் எதிரெதிரானவை. முதலாவதில் விலையை உயர்த்துவதற்குச் சூழ்ச்சி நடக்கும். இரண்டாவதில் விலையைத் தாழ்த்துவதற்குச் சூழ்ச்சி நடக்கும். பத்திரிகையில் கேள்வி அறிவித்தலைக் காணும் வாசகர் இது எந்தத் திசையில் ஓடும் பணம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் நன்று.

ஒரு வீதி ஒப்பந்தத்தின் பயணம்

கிராம வீதியொன்றைக் கொங்கிறீற் வீதியாக்கச் சபை தீர்மானிக்கின்றது எனக் கொள்வோம். முதலாவதாக அவ்வேலை வரவு செலவுத் திட்டத்திலோ, மாகாண அல்லது மத்திய அரசின் ஒதுக்கீட்டிலோ இடம்பெற வேண்டும். இரண்டாவதாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீதியை அளந்து மதிப்பீடு தயாரிக்கின்றார். எத்தனை மீற்றர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை அங்குலக் கனம், எந்தக் கலவை விகிதம் என்பன இதில் அடங்கும். ஒப்பந்தத்தின் உயிர்நாடி இம்மதிப்பீடேயாகும். இதில் பிழை நேர்ந்தால் பின்னர் எத்தனை குழுக்கள் கூடினாலும் அப்பிழை திருந்தாது.

மூன்றாவதாகக் கேள்வி அறிவித்தல் வெளியிடப்படுகின்றது. 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை வழிகாட்டல்களின்படி தேசிய மட்டப் போட்டிக் கேள்விக்குக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் அளிக்கப்பட வேண்டியிருந்தது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை: ஒப்பந்தகாரர் இடத்தைப் பார்த்து, கணக்கிட்டு, விலை குறிப்பதற்குப் போதிய காலம் வழங்கப்பட வேண்டும். பெறுமதி சிறிதாக உள்ள வேலைகளுக்குப் பகிரங்க அறிவித்தலின்றிச் சிலரிடம் விலைமனுப் பெறும் முறையும், கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளிடம் வேலையை நேரடியாக ஒப்படைக்கும் முறையும் உள்ளன. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களாயின் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளல் அவசியமாகும்.

நான்காவதாகக் கேள்விப் பெட்டி திறக்கப்படுகின்றது. முடிவு நேரம் கடந்தவுடன், கேள்வி சமர்ப்பித்தோர் அல்லது அவர்களது பிரதிநிதிகள் முன்னிலையில், பெயரும் விலையும் உரத்து வாசிக்கப்பட வேண்டும். தாமதமாக வந்த உறை திறக்கப்படாமலே திருப்பப்பட வேண்டும். ஐந்தாவதாகத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒவ்வொரு கேள்வியையும் பரிசீலித்து அறிக்கை தருகின்றது. அதன்மீது பெறுகைக் குழு தீர்மானம் எடுக்கின்றது. மிகக் குறைந்த விலை தானாகவே வென்றுவிடுவதில்லை. கேட்கப்பட்ட தகைமைகளையும் நிபந்தனைகளையும் கணிசமாக நிறைவு செய்த கேள்விகளுள், மதிப்பீட்டின் பின்னர் குறைந்ததாகக் காணப்படும் விலையே வெல்ல வேண்டும். இதனை அறியாமல், குறைந்த விலை நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் ஊழல் எனக் கூக்குரலிடுவது நீதியாகாது. அதேவேளை, நிராகரிப்பதற்கான காரணம் எழுத்தில் இல்லாவிடின் ஐயுறுவது நியாயமே.

ஆறாவதாக ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு வேலை நடைபெறுகின்றது. அளவீடு செய்யப்பட்டுப் பணம் வழங்கப்படுகின்றது. ஒரு தொகை நிறுத்தி வைக்கப்பட்டு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பின்னரே விடுவிக்கப்படுகின்றது. மக்கள் பெரும்பாலும் அறியாத பாதுகாப்பு இதுவாகும். போட்ட வீதி சில மாதங்களிலேயே பிளந்தால், ஒப்பந்தகாரரை அழைத்துத் திருத்துவிக்கும் பலம் சபையின் கையில் பணமாகவே இருக்கின்றது. அக்காலம் முடியுமுன் எழுத்தில் முறையிட வேண்டும். பின்னர் புலம்பிப் பயனில்லை.

எங்கே வழுக்குகின்றது

முறைகேடு என்பது பெரும்பாலும் பெட்டி திறக்கப்படும் மேசையில் நிகழ்வதில்லை. அதற்கு முன்னரும் பின்னருமே நிகழ்கின்றது.

முதலாவது வழி, வேலையைத் துண்டாடுதல். 40 இலட்சம் ரூபா மதிப்புள்ள ஒரே வீதியை 10 இலட்சம் ரூபா வீதம் நான்கு வேலைகளாகப் பிரித்தால், பகிரங்க அறிவித்தலுக்குரிய எல்லையின் கீழ் அதனைக் கொண்டுவந்துவிட முடியும். காகிதத்தில் நான்கு வீதிகள். தரையில் ஒரே வீதி. இரண்டாவது வழி, விவரக்குறிப்பை ஒருவருக்குப் பொருந்துமாறு எழுதுதல். குறிப்பிட்ட அனுபவம், குறிப்பிட்ட வகை இயந்திரம், குறிப்பிட்ட விற்பனை முகவர் எனத் தேவையற்ற நிபந்தனைகள் சேர்க்கப்படுமிடத்துப் போட்டி பெயரளவினதாகிவிடுகின்றது.

மூன்றாவது வழி, ஒப்பந்தகாரர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. இம்முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு என்ற ஏற்பாட்டில் மூவர் விலைமனு இடுவர். இருவர் வேண்டுமென்றே கூட்டி எழுதுவர். விலகி நிற்பவருக்கு ஒரு தொகை கைமாறும். இதனை வியாபாரத் தந்திரம் எனப் பலர் கருதுகின்றனர். கேள்வியை மீளப்பெறச் செய்வதற்காக இலாபம் கொடுப்பதும் பெறுவதும் 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டிருந்தன. அச்சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழும் அது குற்றமே.

நான்காவது வழி, வேலை தொடங்கிய பின்னர் செய்யப்படும் மாற்றங்கள். குறைந்த விலைக்கு வேலையைப் பெற்றுவிட்டு, மேலதிக வேலை என்ற பெயரில் தொகையைக் கூட்டிக்கொள்வதும், நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னர் சபையின் அங்கீகாரத்தைப் பெறுவதும் இதில் அடங்கும். சபைக் கூட்டத்தின் முடிவில், உறுப்பினர்கள் களைத்திருக்கும் வேளையில், "பின்னங்கீகாரம்" என்ற ஒரு வரியில் பெருந்தொகைகள் கடந்து செல்வதுண்டு.

ஐந்தாவதாக, அவசரம் என்ற பெயரில் நடைபெறும் கொள்வனவு. 2024 நவம்பர் இறுதியில் வடக்கு கிழக்கை மூழ்கடித்த வெள்ளத்தின்போதும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின்போதும் போட்டிமுறைக்குக் காத்திராமல் செயற்படும் தேவை உண்மையிலேயே இருந்தது. மதகு அடித்துச் செல்லப்பட்ட கிராமத்துக்கு 21 நாட்கள் கழித்து உதவி செய்வதில் பொருளில்லை. ஆனால் வெள்ளம் வடிந்து மூன்று மாதங்கள் கடந்த பின்னரும் அதே அவசரத்தைக் காரணங்காட்டுவது ஏற்கத்தக்கதன்று. அவசரக் கொள்வனவின் பட்டியலும் விலையும் பின்னராவது சபையில் முன்வைக்கப்பட வேண்டும்.

நாட்காட்டியின் குற்றம்

தொடக்கத்திற் குறிப்பிட்ட மாரிக்கால வீதி வேலைக்கு எப்போதும் ஊழலே காரணம் எனக் கூற முடியாது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகின்றது. ஒதுக்கீடுகள் உறுதியாகி, மதிப்பீடுகள் தயாராகி, அங்கீகாரங்கள் கிடைப்பதற்குள் ஆண்டின் நடுப்பகுதி வந்துவிடுகின்றது. கேள்வி கோரி, மதிப்பிட்டு, ஒப்பந்தம் எழுதுவதற்குள் மழை தொடங்கிவிடுகின்றது. டிசம்பர் 31க்குள் செலவிடப்படாத ஒதுக்கீடு திரும்பிவிடும் என்ற அச்சம் அதிகாரிகளை விரட்டுகின்றது. தென்மேல் பருவமழை பெறும் மாவட்டங்களைவிட, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறும் நமது மாவட்டங்களே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அடுத்த ஆண்டில் செய்யவேண்டிய வீதிகளின் அளவீட்டையும் மதிப்பீட்டையும் முந்திய ஆண்டின் இறுதிக்குள்ளேயே முடித்து வைக்க முடியும். பெறுகைத் திட்டம் என்ற ஆவணத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே தயாரிக்க வேண்டும் என்பது பெறுகை விதிகளின் அடிப்படை எதிர்பார்ப்பாகும். ஜனவரிக் கூட்டத்தில் "இவ்வாண்டுக்கான பெறுகைத் திட்டம் எங்கே?" என்று ஓர் உறுப்பினர் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இறைச்சிக் கடையும் சந்தையும்

குத்தகை விடயம் வேறு விதமானது. ஓர் இறைச்சிக் கடையின் ஆண்டுக் குத்தகை 12 இலட்சம் ரூபா எனக் கொள்வோம். ஆண்டில் 300 நாட்கள் கடை திறந்தால் நாளொன்றுக்கு 4000 ரூபா குத்தகைச் செலவாகும். நாளொன்றுக்கு 80 கிலோ விற்றால் கிலோவுக்கு 50 ரூபா சபைக்குச் செல்கின்றது. இருவருக்கிடையிலான பகைமையினாலோ கௌரவப் போட்டியினாலோ குத்தகை 24 இலட்சமாக உயர்ந்தால் அது கிலோவுக்கு 100 ரூபாவாகின்றது. அச்சுமையைக் குத்தகைக்காரர் சுமப்பதில்லை. விலையில் ஏற்றியோ நிறையில் குறைத்தோ வாங்குவோர்மீது இறக்கிவிடுகின்றார். சில வேளைகளில் இரண்டு தவணை செலுத்திவிட்டுக் கைவிட்டுச் செல்வார். சபைக்கு நிலுவையும், ஊருக்கு மூடிய கடையும் எஞ்சும்.

மறுபுறத்தில், உள்ளூர்ச் செல்வாக்கினாலோ மிரட்டலினாலோ போட்டி தடுக்கப்பட்டு, கடந்த ஆண்டின் தொகைக்கும் குறைவாகக் குத்தகை செல்லுமாயின் வரியிறுப்பாளர் நட்டமடைகின்றனர். ஆகவே சபைக்கு வேண்டியது மிக உயர்ந்த தொகையன்று. செலுத்தி முடிக்கக்கூடிய நேர்மையான தொகையேயாகும். குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே மதிப்பிட்டு அறிவித்தல், போதிய வைப்புப் பணம் பெறுதல், முன்னர் நிலுவை வைத்தவரை அவர் வேறொருவரின் பெயரில் வந்தாலும் விலக்குதல், விற்பனை விலையையும் நிறையையும் சுகாதாரத்தையும் நிபந்தனைகளாக எழுதிக் கண்காணித்தல் என்பன இதற்கான வழிகளாகும்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் பிரதேசங்களில் இவ்விடயம் இன்னொரு பாரத்தையும் சுமக்கின்றது. மாட்டிறைச்சிக் கடைக்கான இடமும், சந்தையில் கடை ஒதுக்கீடும், எந்த ஊரின் வீதி முதலில் போடப்படுகின்றது என்பதும் இன உரசலாக மாற்றப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். ஒழுங்கான கேள்விமுறை இங்கே நிதி ஒழுக்கத்துக்கு அப்பாலும் பயன்படுகின்றது. கடை யாருக்குக் கிடைத்தது என்பதற்கு, "எங்கள் ஆளுக்குத் தரவில்லை" என்பதற்குப் பதிலாக, "இன்ன தொகை கோரினார், இன்ன நிபந்தனையை நிறைவு செய்தார்" என்று காட்டக்கூடிய ஆவணம் இருக்குமாயின் வதந்திக்கு இடமில்லை. எந்த வட்டாரத்துக்கு எத்தனை ரூபா சென்றது என்ற பட்டியல் சபையின் அறிவித்தற் பலகையில் தொங்குமாயின், ஒரு சமூகத்தைப் பிறிதொன்றுக்கு எதிராகத் தூண்டிவிட்டுத் தன் கமிஷனை மறைப்பவரின் பிழைப்புக் கெடும். முறைகேட்டில் ஈடுபடுவோர் மத்தியில் இன பேதம் இருப்பதில்லை என்பதை இரு சமூகத்தவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெரும்பான்மை இல்லாத சபைகள்

2018இல் நடைமுறைக்கு வந்த கலப்புத் தேர்தல் முறையில் 60 வீதமானோர் வட்டாரங்களிலும் 40 வீதமானோர் விகிதாசார அடிப்படையிலும் தெரிவாகின்றனர். நாடளாவிய ரீதியில் உறுப்பினர் தொகை 8 ஆயிரத்துக்கு மேற்பட்டது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு கிடைத்தமை இம்முறையின் நன்மையாகும். எனினும், பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத நிலை 2018இலும் 2025இலும் ஏற்பட்டது. வரவு செலவுத் திட்டம் இரு தடவைகள் தோற்கடிக்கப்பட்டால் தவிசாளர் பதவியிழக்க நேரிடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் அப்போதைய முதல்வர் அவ்வாறே பதவியிழந்தார்.

இத்தகைய சபையில் ஒவ்வொரு வாக்கும் பெறுமதி வாய்ந்தது. ஆதரவுக்கு விலையாக, "என் வட்டாரத்தின் வேலையை என் ஆளுக்குக் கொடு" என்ற கோரிக்கை எழுதல் இயல்பு. தன் வட்டாரத்துக்கு வீதி கேட்பது உறுப்பினரின் உரிமை, கடமையும்கூட. ஆனால் அவ்வீதியை யார் போடுவது என்று கேட்பது அவரது உரிமையன்று. தேவையைத் தீர்மானிப்பது சபை. ஆளைத் தீர்மானிப்பது போட்டி. இந்த எல்லைக்கோடு அழிந்துபோகும் இடத்திலேயே ஒப்பந்தம் அரசியற் கைக்கூலியாகின்றது.

நியாயமான ஓர் எதிர்வாதமும் உண்டு. கேள்விமுறை காலத்தை விழுங்குகின்றது. ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதனால் ஊரிலுள்ள சிறிய ஒப்பந்தகாரர் ஒதுங்கிவிட, வெளியூர் நிறுவனங்களே வெல்கின்றன என்று கூறப்படுகின்றது. இது உண்மையான முறைப்பாடே. ஆனால் அதற்குப் பரிகாரம் போட்டியைக் கைவிடுவதன்று. அறிவித்தலையும் நிபந்தனைகளின் சாரத்தையும் தமிழில் வெளியிடுவதும், விலைமனு நிரப்பும் முறையைச் சிறு ஒப்பந்தகாரருக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது விளக்குவதும், செய்து முடித்த வேலைக்கான பணத்தைத் தாமதமின்றி வழங்குவதுமே பரிகாரமாகும். பணம் ஆறு மாதம் தாமதிக்கும் சபைக்கு எவரும் நியாய விலை குறிப்பதில்லை. தாமதத்தின் வட்டியையும் சேர்த்தே குறிப்பர்.

குடிமக்களின் கையில் உள்ளவை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூராட்சி மன்றங்கள் அதன் கீழ் வருகின்றன. எந்தப் பிரஜையும் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் தீர்வு கிட்டாவிடின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பிப்போர் பொதுவாக விடும் தவறு, "ஊழல் நடந்ததா?" என்று கேட்பதாகும். அதற்கு எந்த அலுவலரும் ஆம் என்று எழுதப்போவதில்லை. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன வீதியின் மதிப்பீட்டுப் பிரதி, கேள்வி அறிவித்தல் வெளியான திகதியும் பத்திரிகையும், கேள்வி திறந்தபோது எழுதப்பட்ட பெயர்களும் விலைகளும், மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, இறுதி அளவீடு, வழங்கப்பட்ட தொகை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் திகதி ஆகிய ஏழும் கிடைத்தால் ஒரு வீதியின் முழு வரலாறும் கைக்கு வந்துவிடும். பின்னர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீதிக்குச் சென்றாலே போதுமானது.

இரண்டாவது கருவி கணக்காய்வு. கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்தின் கணக்கையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கின்றார். நிலுவைக் குத்தகை, நிறைவுறாத வேலை, விதிமீறிய கொள்வனவு என்பன அவ்வறிக்கைகளில் தொகையுடன் இடம்பெறுகின்றன. அவற்றைத் தேடிப் படிக்கும் உறுப்பினர்கள் மிகச் சிலரே. மூன்றாவது கருவி ஊழல் எதிர்ப்புச் சட்டம். உள்ளூராட்சி உறுப்பினர்களும் சொத்து, பொறுப்பு விவரங்களை வெளிப்படுத்தக் கடமைப்பட்டுள்ளனர். இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய தெளிவான தகவல் உள்ளோர் உரிய ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

இக்கருவிகளைப் பயன்படுத்துவோருக்கும் ஒரு கடப்பாடுண்டு. ஆவணத்தைப் பார்க்குமுன் பெயர் சொல்லிப் பழி சுமத்தக் கூடாது. நேர்மையாகக் கையொப்பமிடும் செயலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பல சபைகளில் இருக்கின்றனர். அரசியல் அழுத்தத்துக்கு முன்னால் அவர்கள் தனித்து நிற்கின்றனர். "பொதுமக்கள் ஆவணம் கேட்கின்றனர், ஆகவே விதியை மீற முடியாது" என்று கூறுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நாமே வழங்க முடியும்.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் சனசமூக நிலையங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் தத்தம் கணக்கை உறுப்பினர் முன்னிலையில் வாசித்துப் பழகியவை. அங்கே நூறு ரூபா குறைந்தாலும் எழுந்து வினவும் நாம், நமது சோலைவரியிலும் சந்தைக் கட்டணத்திலும் இயங்கும் சபையில் இலட்சங்கள் கடந்து செல்கையில் வாய் மூடியிருக்கின்றோம். ஒவ்வொரு வட்டாரத்திலும் மூவர் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு வேலையை மாத்திரம் தெரிவு செய்து, மதிப்பீட்டிலிருந்து இறுதிக் கொடுப்பனவு வரையில் பின்தொடர்ந்தால் போதும். அடுத்த மாரியில் அந்த ஒரு வீதியாவது பிளக்காமல் இருக்கும். அதனைக் கண்ட பக்கத்து வீதிக்காரரும் தம் சபையிடம் கேள்வி கேட்கத் தொடங்குவர்.